ஆறாவது விதி

பொய்யைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. சிரிக்காதீர்கள், அதற்கென்று ஆபீஸ், அடையாள அட்டை, ஆறு விதிகள் அச்சடித்த தாள் எல்லாம் இருக்கின்றன. போனில் ஒரு வதந்தி வந்தால் ஜனங்கள் முதலில் யாரிடம் ஓடுவார்களோ, அந்த நர்சுகளும் தலைமை ஆசிரியர்களும் செய்தியாளர்களும் இரண்டு நாள் என் வகுப்பில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். மூன்றாம் விதி: அந்த இடத்தில் குடியிருக்கும் ஒருவரிடம் விசாரி. ஆறாம் விதி: மறுப்புச் சொல்கிறவர் சம்பந்தப்பட்டவரின் சொந்தக்காரர் என்றால் நம்பாதே. ஆறும் நானே எழுதியவை. அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

பயிற்சிக்கென்று நாங்களே சில பொய்களைத் தயாரிப்போம். 'பயிற்சிப் படம்' என்று சிவப்பு எழுத்தில் குறுக்கே ஒரு முத்திரை இருக்கும். இந்த மாத வகுப்பின் முதல் நாள் ஒரு நர்ஸ், எதையும் தோண்டித் துருவுவதால் வகுப்பே 'துப்பு' என்று கூப்பிட்ட பெண், எழுந்து கேட்டாள்.

"வெளில பொய் முத்திரை குத்திக்கிட்டா மேடம் வருது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த படத்துக்கு முத்திரை கிடையாது என்று அங்கேயே முடிவு செய்தேன். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

அன்று சாயங்காலமே அக்காவின் மருந்துக்கடைக்குப் போனேன். பதினாறு வருஷமாக அந்தத் தெருவில் எந்தக் குழந்தைக்குச் சளி பிடித்தாலும் அக்கா கைபட்ட மருந்துதான். ஒரு காலி சிரப் பாட்டிலைக் கையில் கொடுத்து, லேபிளைக் கிழிப்பதுபோல நிற்கச் சொன்னேன்.

"உன் வகுப்புக்குத்தானே? சிரிக்கட்டுமாடி?"

"சிரிச்சா யாரு நம்புவாக்கா? திருட்டு முழி முழி."

முழித்தாள். தங்கை கேட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவள். கடைப் பலகை பாதி தெரியும்படி எடுத்தேன், இடத்தைக் கண்டுபிடிப்பதும் பயிற்சிதானே. கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'காலாவதியான மருந்துக்குப் புது லேபிள், இரண்டு குழந்தைகள் ஆஸ்பத்திரியில்.'

அன்று ராத்திரியே அந்தப் படத்தை எல்லோர் போனுக்கும் அனுப்பி, உண்மையா பொய்யா, காலையில் விடையோடு வாருங்கள் என்றேன். துப்பு கெட்டிக்காரி. பலகையைப் படித்து, தெருவைக் கண்டுபிடித்து, மூன்றாம் விதிப்படி அங்கே குடியிருக்கும் தன் சித்திக்கு அனுப்பினாள். 'இது உண்மையா சித்தி?' சித்தி கடைக்கு நடந்து போய்ப் பார்க்கவில்லை. தெரு குரூப்பில் போட்டாள். நாலு கை மாறியதும் கேள்வி உதிர்ந்துவிட்டது, படம் மட்டும் போனது.

மறுநாள் வகுப்பின் நடுவில் அக்கா போன் செய்தாள்.

"கடை வாசல்ல கூட்டமா நிக்கறாங்கடி. மருந்து வாங்க இல்ல."

வகுப்பை அப்படியே விட்டேன். டைரக்டர் அறைக்கு ஓடி, ஆபீஸ் தாளில் ஒரு மறுப்புக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வதந்திய ஒழிக்கிற ஆபீஸே வதந்திய கிளப்பிச்சுன்னு பேர் வரணுமா? உங்க பேர்ல போட்டுக்குங்க."

துப்புவைக் கேட்டேன், நடந்ததை நீயாவது சொல் என்று. என் வேலை போய்விடும் மேடம், அந்தச் செய்தியை அழித்துவிட்டேன் என்றாள். பாவம் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அறையலாம் என்றுதான் தோன்றியது.

என் பெயரிலேயே எழுதி அந்தத் தெரு குரூப்புக்கு அனுப்பினேன். நான் கடைக்காரியின் தங்கை, படம் எடுத்தது நான், பொய் எழுதியதும் நான். அந்தப் பகுதியில் வரும் வதந்திகளைச் சரிபார்த்துச் சொல்பவர் அங்குள்ள பள்ளித் தலைமை ஆசிரியர். போன மாதம் என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவர். மூன்று மணிக்கு அவரே கூப்பிட்டார்.

"மேடம், உங்க மறுப்ப ஆறு விதியிலயும் போட்டுப் பார்த்தேன். ஆபீஸ் கடிதம் இல்ல. நீங்க கூடப்பிறந்தவங்க. 'நம்ப முடியாது'ன்னு குரூப்ல போட்டாச்சு."

"சார், என்னை உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சவங்கன்னு சலுகை காட்டக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க."

"அப்ப அந்தப் படம்?"

"அத நல்லா சோதிச்சுட்டோம். வெட்டு ஒட்டு எதுவுமில்ல. ஒரிஜினல் மேடம்."

அவர் குரலில் துளி விஷமம் இல்லை. பாடத்தை ஒப்பிக்கும் நல்ல மாணவனின் குரல். வகுப்பில் இருந்திருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் போய்ச் சேர்ந்தபோது கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது, ஒரு பக்கம் கல்லடியில் நசுங்கி. அக்கா பின்கட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து போனில் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பிழைத்துப்போயிருப்பேன்.

"பக்கத்து வீட்டுக்காரி, அவ பிள்ளைக்கு நான் குடுத்த மருந்தெல்லாம் சாக்கடையில ஊத்திட்டாளாம்," என்றாள். பிறகு போனை என் பக்கம் திருப்பினாள்.

"சிரிக்கட்டுமான்னு கேட்டேன். நீதான் வேணாம்னே."