கஷ்டம் ஒன்றும் இல்லை, சாப்

அந்தப் பதிவேட்டை எனக்கு நன்றாகத் தெரியும். பட்டாளத்தில் இருபத்தாறு வருடம் குமாஸ்தா வேலை பார்த்து, சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது வக்கீல் ஹர்லீன் மேடத்திடம் கேஸ் கட்டு சுமக்கிறேன். மாற்றல் வந்த ஜவான்களைக் கமாண்டர் முன்னால் ஒவ்வொருவராக நிறுத்தி, "ஏதாவது கஷ்டமா?" என்று கேட்பார்கள். பதில் எப்போதும் ஒன்றுதான்: "கஷ்டம் ஒண்ணும் இல்ல, சாப்!" ஆள் உள்ளே வரும் முன்பே அந்த வரியை நான் பதிவேட்டில் எழுதி வைத்திருப்பேன். இன்று அதை எழுதிய கையைப் பார்க்கவே எனக்குக் கூசுகிறது.

ஹவில்தார் லக்பீர் சிங்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். பஞ்சாபில் மான்சாக்காரன், பத்தொன்பது வருட சர்வீஸ். மகள் சிம்ரத்துக்கு ஏழு வயது. அவள் உடம்பில் ரத்தம் ஊறுவதில்லை. ஜனவரியில் இவனுடைய எலும்பு மஜ்ஜையை எடுத்து அவளுக்கு ஏற்ற வேண்டும். வேறு யாருடையதும் பொருந்தவில்லை. மாற்றலோ லடாக் பக்கம் ஒரு மலை முகாமுக்கு. நவம்பரில் கணவாய் மூடினால் ஏப்ரல் வரை வழியில்லை. ஹெலிகாப்டரில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆறு மாதம் தள்ளிப்போடச் சொல்லி மூன்று மனு கொடுத்தான். மூன்றும் திரும்பி வந்தன. அதனால்தான் வழக்கு.

"இவ்வளவையும் வெச்சுக்கிட்டு அன்னிக்கு ஏண்டா கஷ்டம் இல்லேன்னு சொன்னே?" என்று கேட்டேன்.

"வாயில தானா வந்துடுச்சு, சுபேதார் சாப். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதனால்தான் எரிச்சல்.

ராணுவத் தீர்ப்பாயத்தில் அரசு வக்கீல் பதிவேட்டை விரித்துக் காட்டினார். "இவரே கஷ்டம் இல்லைன்னு சொல்லியிருக்காரு. அப்புறம் எதுக்கு வழக்கு?"

ஹர்லீன் மேடம் எழுந்தார். நான் தேடிக் கொடுத்திருந்த வரியில் விரலை வைத்தார். "பதினாலாவது பேரைப் பாருங்க. அன்னிக்கு அந்த ஆள் கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில படுத்திருந்தான். அவனும் நேர்ல வந்து 'கஷ்டம் இல்லை'ன்னு சொன்னதா எழுதியிருக்கு. ஒடிஞ்ச காலோடயா நடந்து வந்தான்?"

சிரிப்பு எழுந்தது. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அரசு வக்கீலை முறைத்தார். வக்கீல் அசடு வழிந்தார். பின் வரிசையில் லக்பீரின் மனைவி ஜஸ்மேல் துப்பட்டாவால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

நீதிபதிக்குப் பக்கத்தில் ஓய்வு பெற்ற ஜெனரல் ஒருவரும் விசாரணைக்கு உட்கார்வார். நல்ல மனுஷர்தான். அந்த நல்ல குணம்தான் காரியத்தைக் கெடுத்தது.

"பதிவேடு கிடக்கட்டும். அவன் வாயாலேயே கேட்டுடுவோம்," என்றவர், லக்பீரைப் பார்த்துப் பழைய பரேடு குரலில் கேட்டார்: "ஜவான்! ஏதாவது கஷ்டமா?"

லக்பீரின் குதிகால்கள் படாரென்று சேர்ந்தன. நெஞ்சு நிமிர்ந்தது, கைகள் கால்சட்டைத் தையலோடு ஒட்டின.

"கஷ்டம் ஒண்ணும் இல்ல, சாப்!"

சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. முகம் வெளுத்துப் போனது. "இல்ல சாப்... என் பொண்ணு..."

"இதையும் பதிவு பண்ணிக்கணும்," என்றார் அரசு வக்கீல், பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

மேடம் தொண்டை கிழியக் கத்தியும் பயனில்லை. வழக்கு தள்ளுபடி. மாற்றல் பட்டாளத்தில் சகஜமாம். கஷ்டமில்லை என்று மனுதாரரே மன்றத்தில் சொல்லிவிட்டாராம். வேண்டுமானால் மேலதிகாரிக்கு இன்னொரு மனு கொடுக்கலாமாம். நாலாவது மனு! செக்குமாட்டை இருபது வருடம் சுற்றவிட்டு, ஏன் நேராக நடக்கவில்லை என்று கேட்கிற கூட்டம். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன்.

வெளியே படிக்கட்டில் ஜஸ்மேலின் கையிலிருந்த போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மகள். அதை அப்படியே லக்பீர் முன்னால் நீட்டினாள்.

"எடுங்க. அவகிட்டயும் சொல்லுங்க, கஷ்டம் ஒண்ணும் இல்லேன்னு."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. லக்பீர் வாங்கவில்லை. அவனுடைய இரண்டு கைகளும் இன்னமும் கால்சட்டைத் தையலோடு ஒட்டியே இருந்தன.