ஒரு பையில் ஆறு பாஸ்போர்ட்

ஐந்தரைக்கு அலாரம் அடித்தது. ஸ்வாதி கைப்பேசியை எடுத்து அணைத்தாள். திரையில் ஹரிஷின் செய்தி இருந்தது. முந்தைய இரவே அனுப்பியிருந்தான்.

'மிலான்ல லாஸ்ட் டிரெய்ன் போயிடுச்சு. ஃப்ரெண்டு ரூம்ல தங்கிக்கறோம். காலைல பத்து மணிக்கு கோமோ வந்துடுவோம். கவலைப்படாதீங்க, பை பத்திரமா இருக்கு.'

கடைசி வரியை இரண்டு முறை படித்தாள்.

அந்தப் பையை ஹரிஷின் அம்மா காசி யாத்திரைக்காகத் தைத்திருந்தார். காக்கித் துணி. உள்ளே மூன்று அறைகள். கழுத்தில் மாட்ட ஒரு நாடா. சுவிட்சர்லாந்தின் பேர்ணில் படிக்கும் தமிழ்நாட்டு மாணவர்கள் ஆறு பேர் வார இறுதிகளில் எங்கே போனாலும், ஆறு பேரின் பாஸ்போர்ட்டும் வதிவிட அட்டையும் அதற்குள் போய்விடும். யாரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவல்ல. ஊரில் குடும்பத்தோடு சுற்றுலா போனால் அப்பா எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்துக்கொள்வார். இங்கே அப்பா இல்லை. ஹரிஷ் இருந்தான். பிராக், வியன்னா, பாரிஸ் என்று பதினான்கு பயணங்கள். ஒன்றும் தொலைந்ததில்லை.

நேற்று மதியம் இத்தாலியின் கோமோ விடுதியில் பாஸ்போர்ட்டுகளைக் காட்டியதும் ஹரிஷ் கையை நீட்டினான். ஸ்வாதி அபர்ணாவோடு பேசிக்கொண்டே தன்னுடையதைக் கொடுத்தாள். பிறகு அவனும் மற்ற மூன்று பேரும் மிலானுக்குப் போனார்கள். அவள் சீக்கிரம் தூங்க வேண்டும் என்று தங்கிவிட்டாள். அபர்ணா துணைக்கு இருந்தாள்.

சுவிஸ் மலையூரான அந்தர்மாட்டின் ரயில் நிலையத்திலிருந்து இன்று பத்து இருபத்தெட்டுக்குக் கள ஆய்வுப் பேருந்து புறப்படும். போன ஜூனில் அவள் அங்கே பத்து முப்பத்து நான்குக்குப் போய்ச் சேர்ந்தாள். ஆறு நிமிடம் காத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தாள். மறுநாள் ஒரு பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினாள். பேராசிரியரிடமிருந்து ஒரு வரி வந்தது. 'பேருந்து 10.28க்குப் புறப்பட்டது.'

நீரியல் கள ஆய்வு ஆண்டுக்கு ஒரு முறைதான். கட்டாயப் பாடம். இரண்டாம் முறையும் தவறினால் படிப்பிலிருந்து பெயரை நீக்குவார்கள். படிப்பு இல்லையென்றால் வதிவிட அட்டை இல்லை. ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஹரிஷை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. மூன்று முறை.

மேல் படுக்கையிலிருந்து அபர்ணா எட்டிப் பார்த்தாள். "எடுக்க மாட்டான்டி. பக்கத்துல பட்டாசு வெடிச்சாலும் எழுந்துக்க மாட்டான்."

"சரி. நான் கிளம்பறேன்."

"எங்க?"

"ஸ்டேஷனுக்கு."

"பாஸ்போர்ட் இல்லாமயா? லூசா நீ? நடுவுல பார்டர் இருக்கு."

"தெரியும்."

"பத்து மணிக்கு வந்துடுவான். எல்லாரும் சேர்ந்தே போயிடலாம். ப்ரொஃபசர்கிட்ட நடந்ததைச் சொல்லு. அவரும் மனுஷன்தானே."

"போன வருஷம் சொன்னேன்."

அபர்ணா கீழே இறங்கினாள். "நம்ம மூஞ்சியைப் பார்த்தாலே நேரா நம்மகிட்டதான் வருவாங்க. கியாஸ்ஸோல பிடிச்சு இறக்கிவிட்டா என்ன பண்ணுவ?"

"அதுக்கு முன்னாடி நானே இறங்கி அவங்ககிட்ட போறேன்."

அபர்ணா தன் பையிலிருந்து எலுமிச்சைச் சாத டப்பாவை எடுத்து ஸ்வாதியின் பைக்குள் திணித்தாள்.

"ஸ்பூன் இல்ல" என்றாள்.

கோமோவிலிருந்து சுவிஸ் எல்லை நிலையமான கியாஸ்ஸோவுக்கு ரயிலில் சில நிமிடங்கள்தான். நடைமேடையில் சீருடையில் இரண்டு எல்லைக் காவலர்கள் நின்றார்கள். ஒரு பெண், ஓர் ஆண். கதவு திறந்ததும் ஸ்வாதி இறங்கி நேராக அந்தப் பெண்ணிடம் போனாள். ரயிலிலேயே ஜெர்மனில் வாக்கியத்தைத் தயார் செய்திருந்தாள்.

"என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. வதிவிட அட்டையும் இல்லை. அட்டையின் படம் கைப்பேசியில் இருக்கிறது. நான் பேர்ணில் படிக்கிறேன். தயவுசெய்து சரிபாருங்கள்."

அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயது இருக்கும். படத்தைப் பார்த்தாள். "பாஸ்போர்ட் எங்கே?"

"மிலானில். ஒரு நண்பனின் கழுத்தில்."

"கழுத்திலா?"

"ஆமாம்."

ரயில் அவளை விட்டுப் புறப்பட்டது. இதை அவள் கணக்கில் சேர்த்திருந்தாள். அடுத்த ரயிலைப் பிடித்தாலும் பேருந்து கிடைக்கும். அதற்கு அடுத்ததைப் பிடித்தால் கிடைக்காது.

உள்ளே ஓர் அறை. மேசை, கணினி, மூன்று நாற்காலிகள். பெயர், பிறந்த தேதி, அட்டை எண். காவலர் தட்டச்சு செய்தாள். திரையில் ஸ்வாதியின் முகம் வந்தது. முடிந்துவிட்டது என்று ஸ்வாதி நினைத்தாள்.

அப்போது ஹரிஷ் அழைத்தான். வீடியோ அழைப்பு.

"யார்?" என்றாள் காவலர்.

"கழுத்துக்காரர்."

"எடுங்கள்."

ஹரிஷ் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். "ஏய் ஸ்வாதி, இப்பதான் பார்த்தேன். அஞ்சே நிமிஷம், கிளம்பி..." சீருடையைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"இவருடைய பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள்" என்றாள் காவலர் ஆங்கிலத்தில்.

ஹரிஷ் பனியனுக்குள் கைவிட்டு நாடாவை இழுத்தான். பையைத் திறந்து ஒன்றை எடுத்துக் காட்டினான். அது அபர்ணாவுடையது. அடுத்தது அவனுடையது. மூன்றாவது இன்னொருவனுடையது. அவன் பதற்றத்தில் ஒவ்வொன்றாகக் கேமராவுக்கு முன் நீட்டிக்கொண்டே இருந்தான். ஸ்வாதியுடையது ஐந்தாவதாக வந்தது.

"மொத்தம் எத்தனை வைத்திருக்கிறீர்கள்?"

"சிக்ஸ், மேடம்" என்றான் ஹரிஷ் பெருமையாக. "ஆல் சேஃப்."

காவலர் அழைப்பைத் துண்டித்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து நாற்காலியை ஸ்வாதியின் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரல் மாறியிருந்தது.

"இங்கே நீங்கள் பயமில்லாமல் பேசலாம். அந்த மனிதர் உங்கள் பாஸ்போர்ட்டை எவ்வளவு காலமாக வைத்திருக்கிறார்?"

ஸ்வாதிக்குப் புரியச் சில நொடிகள் ஆயின. ஹரிஷை ஆள் கடத்துபவன் என்று நினைக்கிறாள் என்று புரிந்ததும் சிரிப்பு வந்தது. அடக்கினாள். இந்த இடத்தில் சிரித்தால் இன்னும் ஒரு மணிநேரம் போகும்.

"நேற்று மதியத்திலிருந்து. நானேதான் கொடுத்தேன்."

"ஏன் கொடுத்தீர்கள்?"

"பத்திரமாக இருக்க."

"உங்கள் பையில் பத்திரமாக இருக்காதா?"

ஸ்வாதி தன் பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள்.

"ஆறு பேரின் பாஸ்போர்ட்டை ஒரே மனிதன் வைத்திருந்தால் எங்கள் வேலையில் அதற்கு வேறு பெயர் உண்டு" என்றாள் காவலர். "அவர் உங்களை வேலைக்கு அனுப்புகிறாரா? எங்கே தங்கியிருக்கிறீர்கள்? வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது?"

ஸ்வாதி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சுருக்கமாக, பொய்யில்லாமல். சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். மாணவர் அட்டையை வைத்தாள். கள ஆய்வுத் தாளை விரித்து வைத்தாள். அதில் அவள் பெயர் இருந்தது. பக்கத்தில் கூட்டாளி என்று லக்சாயினியின் பெயர். காவலர் வெளியே போய் யாரிடமோ தொலைபேசியில் பேசினாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு ரயில் வந்து நின்று புறப்பட்டது. அவள் கணக்கில் இருந்த ரயில் அது.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் காவலர் ஒரு தாளோடு திரும்பினாள். "இதைப் பேர்ணில் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் காட்டவேண்டும். போகலாம்." பிறகு, "உங்கள் நண்பர் இந்த வழியாகத்தானே வருவார்?" என்று கேட்டாள்.

"ஆமாம்."

"நல்லது" என்றாள்.

பெல்லின்சோனா தாண்டியதும் ஸ்வாதி எலுமிச்சைச் சாதத்தைக் கையால் சாப்பிட்டாள். எதிரே இருந்தவர் பத்திரிகையை உயர்த்திக்கொண்டார். கையைத் துடைத்துவிட்டுக் கள ஆய்வுத் தாளை மறுபடி படித்தாள். போன ஆண்டு அதை முழுதாகப் படிக்கவில்லை. இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். 'பேருந்து 10.28.' அதற்குக் கீழே மூன்றாவது வரி. 'ஓடைக்கரையில் 13.00 மணிக்கு வருகைப் பதிவு.' பேருந்தில் வந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று எங்கேயும் எழுதவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். இல்லை.

பத்தரைக்கு லக்சாயினி அழைத்தாள். வில் என்ற சுவிஸ் ஊரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அம்மா யாழ்ப்பாணம்.

"எங்க நிக்கிறாய்?"

"ரயில்ல. இன்னும் கோஷெனன் வரல. அங்க வேற ரயில் மாறணும்."

"பஸ் வெளிக்கிட்டிட்டுது. நான் பஸ்ஸுக்குள்ளதான் இருக்கிறன்."

"ப்ரொஃபசர் பேர் வாசிச்சாரா?"

"இல்லை. மேலதான் வாசிப்பாராம்."

"ஒரு மணிக்குத்தானே?"

"ஓம், ஒரு மணிக்கு. அதுக்கென்ன? உனக்குச் செட்டை முளைக்கப் போகுதோ? மேல வேற வாகனம் ஒண்டும் விடமாட்டினம்."

"நடந்து வரேன்."

"விசரி! நடைபாதை போர்டில ரெண்டரை மணித்தியாலம் எண்டு போட்டிருக்கு."

"அது உங்க ஊர்க் கிழவங்களுக்குப் போட்டது."

"எங்கட ஊர்க் கிழவர் உன்னைவிடக் கெதியா நடப்பினம்."

"பார்ப்போம்."

லக்சாயினி சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு வேற ஆளைச் சேர்த்துவிடட்டோ எண்டு கேட்டவர். வேண்டாம் எண்டு சொல்லிட்டன். ஓடையில கரைக்கிற உன்ர உப்பு இஞ்ச இருக்கு. நீதான் இல்லை. கெதியா வா."

அந்தர்மாட்டில் இறங்கியபோது மணி பத்து ஐம்பத்தெட்டு. நிலையத்துக்கு வெளியே நடைவழி காட்டும் மஞ்சள் பலகை இருந்தது. ஓடைக்கு 2 மணி 30 நிமிடம். அவளிடம் இரண்டு மணி இரண்டு நிமிடம் இருந்தது. காலணிக் கயிறுகளை இறுக்கிக் கட்டினாள். தண்ணீர் குடித்தாள். நடந்தாள்.

முதல் அரைமணி சமதரை. ஓடினாள். பிறகு பாதை ஏறத் தொடங்கியது. ஓட முடியவில்லை. நீளமாக அடி வைத்தாள். முதுகுப் பை முதுகில் அடித்தது. அதன் பட்டைகளை இறுக்கினாள். எதிரே இறங்கி வந்த ஒரு தம்பதி வணக்கம் சொன்னார்கள். பதில் சொல்ல மூச்சில்லை. தலையை ஆட்டினாள்.

மரப் பாலத்தருகே அடுத்த பலகை. 1 மணி 30 நிமிடம். மணி பதினொன்று நாற்பத்தாறு. பலகை ஒரு மணிநேரம் கொடுத்த தூரத்தை நாற்பத்தெட்டு நிமிடத்தில் கடந்திருந்தாள். போதாது. இன்னும் பதினாறு நிமிடம் மிச்சம் பிடிக்க வேண்டும்.

கைப்பேசி அதிர்ந்தது. எடுக்கவில்லை.

மரங்கள் முடிந்தன. கல்லும் புல்லும். பாதை வளைந்து வளைந்து ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் பத்து எண்ணி மூச்சு வாங்கினாள். பிறகு எட்டு. பிறகு ஐந்து. உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழ நேரம் ஆகும் என்று தெரியும்.

மூன்றாவது பலகை, 40 நிமிடம். மணி பன்னிரண்டு இருபத்து நான்கு.

கடைசியில் ஒரு பனித்திட்டு குறுக்கே கிடந்தது. ஜூனிலும் கரையாத அழுக்குப் பனி. முதல் அடியில் முழங்கால் வரை புதைந்தது. கையை ஊன்றி எழுந்தாள். முன்னால் யாரோ போன தடம் இருந்தது. அதிலேயே காலை வைத்து வைத்துக் கடந்தாள். மேட்டில் ஏறியதும் ஓடைச் சத்தம் கேட்டது. கீழே இருபது பேர் வட்டமாக நின்றார்கள். பேராசிரியர் கையில் தாள். லக்சாயினி மட்டும் மலைப்பக்கம் திரும்பி நின்றாள்.

சரிவில் பாதி தூரம் நடந்தாள், பாதி சறுக்கினாள். பெயர்கள் கேட்டன. அகரவரிசை. எஸ் இன்னும் வரவில்லை.

அவள் பெயரை வாசித்ததும் லக்சாயினி கையை நீட்டிக் காட்டினாள். எல்லாரும் திரும்பினார்கள்.

பேராசிரியர் ஈரமான கால்சட்டையைப் பார்த்தார். "உங்களைப் பேருந்தில் காணவில்லை."

"இல்லை. நடந்து வந்தேன்."

கடிகாரத்தைப் பார்த்தார். பெயருக்கு எதிரே சரி என்று ஒரு குறி போட்டார். "உப்பை எடை போட்டீர்களா?"

"இப்போது போடுகிறேன்."

இரண்டு கிலோ உப்பு. அது கீழே வந்து சேரும் அளவை வைத்துத்தான் ஓடையின் நீரளவைக் கணக்கிட வேண்டும். வாளியில் ஓடை நீரை மொண்டு கரைத்தாள். விரல்கள் மரத்தன. லக்சாயினி உப்பை அளக்கும் கருவியோடு நூறு மீட்டர் கீழே போய் நின்று கையைத் தூக்கினாள். ஸ்வாதி வாளியை ஒரே வீச்சில் கவிழ்த்தாள். நீர் ஒரு கணம் வெளுத்தது. பிறகு எப்போதும்போல ஓடியது. அவள் கரையோரமாகக் கீழே ஓடினாள்.

கருவியில் எண்கள் அசையவில்லை. காத்திருந்தார்கள். பிறகு ஏறத் தொடங்கின. லக்சாயினி ஐந்து நொடிக்கு ஒருமுறை வாசித்தாள். ஸ்வாதி எழுதினாள். எண்கள் உச்சிக்குப் போய், மெல்ல இறங்கி, பழைய இடத்துக்கு வரும்வரை இருவரும் வேறு எதுவும் பேசவில்லை.

"நல்ல வளைவு" என்றாள் லக்சாயினி. "கிழவர் தோத்துப் போச்சினம்."

திரும்பும்போது ஸ்வாதி பேருந்தில் வந்தாள். அந்தர்மாட் நிலையத்தில் ஹரிஷ் நின்றான். கழுத்து காலியாக இருந்தது.

"எங்கடா பை?"

"மடிச்சு உள்ள வெச்சுட்டேன்" என்றான். "கியாஸ்ஸோல அந்தம்மா காத்துட்டு இருந்தாங்க. ஆறையும் மேசைல பரப்பி, பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவங்கவங்க கையில கொடுத்துட்டாங்க. ஸ்கூல்ல மார்க் ஷீட் தர மாதிரி. என்னைத் தனியா ஒரு மணிநேரம் கேள்வி. அம்மா தைச்ச பைன்னு சொன்னா நம்பவே இல்ல."

"என்னோடது?"

சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட்டையும் அட்டையையும் எடுத்தான். கூடவே ஒரு தாள். "இதுல நீ வாங்கிக்கிட்டதா கையெழுத்துப் போடணுமாம். நான் போட்டோ எடுத்து அனுப்பணும்." தயங்கினான். "ஸாரி ஸ்வாதி."

"நான்தானே கொடுத்தேன்."

அவன் தலையைச் சொறிந்தான். "ஜூலைல வெனிஸ். நீ வருவியா?"

"வரேன்."

பாஸ்போர்ட்டைத் திறந்து எண்ணைப் பார்த்தாள். அட்டையின் தேதியைப் பார்த்தாள். இரண்டையும் தன் முதுகுப் பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். தாளை அவன் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். நேரம் என்ற கட்டத்தில் 18.10 என்று எழுதினாள்.