வளர்த்தவர் பெயர்

சாந்திநாதன் தன் வாழ்நாளில் ஒரு பைசாகூடக் குதிரைமேல் கட்டியதில்லை. ஆனால் கிண்டியில் இந்தச் சனிக்கிழமை எந்தெந்தக் குதிரை ஓடுகிறது, அதன் தாய் யார், தாயின் தகப்பன் எந்த வருஷம் கப்பலில் வந்து இறங்கியது என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. செஞ்சிக் கடைத்தெருவில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்த சமணர் அவர்; ஊரார் வாயில் நயினார். சூதாடுவதில்லை என்று சின்ன வயதிலேயே மேல்சித்தாமூர் மடத்தில் விரதம் எடுத்தவர். குதிரைப் பந்தயமும் சூதுதான் என்று தெரிந்ததும், பந்தயத்தை விட்டுவிட்டுக் குதிரையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

மண்டிக்குக் கடலை விற்க வருகிறவன் மூட்டையை இறக்கும் முன்பே அவருடைய பிரசங்கம் தொடங்கிவிடும். "வெளிநாட்டுக் குதிரைய எறக்குறதுக்குச் சர்க்காரு கெடுபிடி பண்ணிட்டுது. இனிமே நம்ம மண்ணுல பொறந்த குதிரைதான் ஓடணும். அதுக்கு எலும்புல பலமில்லை, வெயில்ல வளர்ந்தது சரிப்படாதுன்னு பேப்பர்ல எழுதுறான். எவனாவது ஒழுங்கா வளர்த்துப் பார்த்தானா?" கேட்கிறவன் தலையை ஆட்டுவான். எடைக்கல் வைக்கும் வரை ஆட்டித்தானே ஆகவேண்டும்!

பேசிக்கொண்டே இருந்த மனிதர் அறுபத்து மூன்றாம் வருஷக் கடைசியில் ஒரு காரியமும் செய்துவிட்டார். மைசூர்ப் பக்கத்தில் ஒரு குதிரைப் பண்ணையைக் கலைத்து ஏலம் போட்டபோது, போய் 'மூன்லைட் குயின்' என்ற பெட்டைக் குதிரையை எடுத்தார். ஏழு தலைமுறைக்கு வம்சாவளி இருந்த சினைக்குதிரை. கூடவே 'ரோசி' என்று ஒன்றையும் தலையில் கட்டி அனுப்பினார்கள். ஒரு பந்தயத்திலும் வெல்லாதது. பொலிக்குதிரையோடு சேர்த்தும் சினை நிற்கவில்லை என்று அதன் காகிதத்தில் எழுதியிருந்தது.

ஊர் சிரித்தது. தேசிங்கு ராஜாவுக்கு அப்புறம் செஞ்சியில் குதிரை வளர்க்க ஒருத்தர் பிறந்துவிட்டார் என்றார்கள். அவர் மனைவி ஜெயமாலா மட்டும் சிரிக்கவில்லை. "ரெண்டு குதிரைக்குக் கொள்ளு வேகவைக்க என்னால முடியாதுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

ஆகவே ரோசி பவுனம்மாளிடம் போயிற்று. பவுனம்மாள் சிங்கவரத்துக்காரி. கோட்டை அகழியில் புல் அறுத்து ஜட்கா ஸ்டாண்டுக் குதிரைகளுக்குப் போடுகிறவள். புருஷன் பெரியதம்பி ஜட்கா ஓட்டினான். "எங்கிட்ட இது சும்மா நிக்குது பவுனம்மா. உனக்கே குடுத்துட்டேன், வண்டியில கட்டிக்கோ" என்றார் சாந்திநாதன். அவள் குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், அது புல் தின்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், விலாவில் கையை வைத்தாள்.

"இத்த வண்டியில கட்ட முடியாது நயினாரே. சினையா இருக்குது."

"காகிதத்துல இல்லைன்னு போட்டிருக்குதே!"

"காகிதமா குட்டி போடப் போவுது?"

அவள் சொன்னதுதான் நடந்தது. மறு வருஷம் மாசி மாதத்தில் மூன்லைட் குயின் மண்டிக் கொட்டகையில் செம்பட்டை நிறத்தில் ஓர் ஆண் குட்டி போட்டது. பத்து நாள் கழித்து ரோசி சிங்கவரத்தில் கறுப்பாக, ஒடிசலாக ஒரு பெண் குட்டி போட்டது. சாந்திநாதன் எந்தப் பிறப்பையும் எழுதாமல் விடமாட்டார். இரண்டுக்கும் படிவம் நிரப்பிப் பந்தயக் குதிரைகளின் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பினார். பதிவேட்டில் ரோசி இன்னும் அவர் பேரில்தான் இருந்தது. வாய்வார்த்தையாகக் கொடுத்ததற்கு யார் காகிதம் எழுதுகிறார்கள்?

அந்தப் பதிவுப் புத்தகம்தான் அவருடைய கனவு. பந்தயம் ஓடும் ஒவ்வொரு குதிரைக்கும் அதில் 'வளர்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. குட்டி பிறக்கும்போது தாய் யாருடையதோ அவர் பெயர் அங்கே அச்சாகும். குதிரை பத்துக் கை மாறினாலும் அந்தப் பெயர் மட்டும் மாறாது. பெரிய பெரிய மகாராஜாக்கள் பெயருக்கு நடுவில் 'சாந்திநாதன், செஞ்சி' என்று ஒரு வரி. அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

செம்பட்டைக்குத் துரை என்று பெயர் வைத்தார். கறுப்பிக்குப் பவுனம்மாள் சிங்காரி என்று பெயர் வைத்தாள். சிங்காரியின் நெற்றிச்சுழி ஆகாதென்று ஜட்காக்காரர்கள் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. அதனால் இரண்டும் சேர்ந்தே வளர்ந்தன. வளர்த்தது பவுனம்மாள்தான், துரைக்கும் அவளையே அமர்த்தியிருந்தார். தினம் சாயங்காலம் சிங்கவரத்து மேட்டுப் பாதையின் அடியில் பெரியதம்பி இரண்டையும் பிடித்துக்கொண்டு நிற்பான். மேட்டின் உச்சியில் நின்று அவள் கொள்ளு வாளியைத் தட்டுவாள். அவன் கயிற்றை விடுவான். இரண்டு பக்கமும் வரப்பு உயர்ந்த மண் பாதையில் இரண்டும் அவளை நோக்கிப் பறந்து வரும். வந்ததும் வாளியை உடனே கொடுக்கமாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு அவற்றின் மூச்சைக் கேட்பாள்.

அப்படிக் கேட்டுத்தான் ஒருநாள் மண்டிக்கு வந்தாள். "நயினாரே, தொரைக்கு மூச்சுல சீட்டி அடிக்குது. நடக்க சொல்லோ ஒண்ணும் தெரியல. மேடேறி ஓடியாந்தா கேக்குது."

சாந்திநாதனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதோட தாத்தா இங்கிலாந்துல ஓடி ஜெயிச்சது, தெரியுமா உனக்கு? போய்ப் புல்லைப் போடு!"

அவள் போனாள். அவர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்றால் அதைக் கவலை என்று எண்ணிவிடாதீர்கள்; சமணர்கள் பொழுது சாய்ந்தபின் எப்போதுமே சாப்பிடுவதில்லை. ஆனால் தூங்கவில்லை.

துரைக்கு இரண்டு வயது ஆனபோது சென்னையிலிருந்து கேப்டன் பொன்னப்பா ஜீப்பில் வந்து இறங்கினார். ராணுவத்தில் குதிரைப் படையிலிருந்து ஓய்வு பெற்ற குடகுக்காரர். கிண்டியில் ஒரு லாயத்துக்குக் குதிரை தேர்ந்தெடுப்பது அவர் வேலை. சாந்திநாதன் எழுதிய பதினோரு கடிதங்களின் தொல்லை தாங்காமல் வந்திருந்தார்.

குதிரை பார்ப்பதென்றால் அவர் பார்த்ததுதான் பார்ப்பது. முதலில் பத்தடி தள்ளி நின்று வெறுமனே பார்த்தார். பிறகு கிட்டே வந்து கண், பல், தாடைக்கு நடுவே நான்கு விரல் நுழையும் இடம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். முழங்காலுக்குக் கீழே நரம்பை இரண்டு விரலால் மேலிருந்து கீழே தடவினார். குளம்பைத் தூக்கித் தட்டினார். எதிரே நடக்கவிட்டார், விலகி நடக்கவிட்டார், பின்னங்கால் முன்னங்கால் தடத்தைத் தாண்டி விழுகிறதா என்று குனிந்து மண்ணைப் பார்த்தார். சாந்திநாதன் வம்சாவளியை ஒப்பிக்க வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஊர் ஊராச் சுத்தறேன்" என்றார் கடைசியில். "எல்லாப் பண்ணையிலயும் குட்டியக் கொழுக்கவச்சு நிறுத்தறாங்க. கொழுப்புக்கு உள்ளே கோணல் கால். அதை வாங்கி ஓட்டினா நாலாம் மாசம் நொண்டுது. அப்புறம் இந்தியக் குதிரையே மட்டம்னு எழுதறாங்க. உங்க குதிரைல ஒரு பவுண்டு வீண் சதை இல்லை. நான் எடுத்துக்கறேன்."

சாந்திநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது கயிற்றைப் பிடித்திருந்த பவுனம்மாள் வாயைத் திறந்தாள்.

"ஐயா, ஒரு தபா மேட்டுல ஓடவுட்டுப் பார்த்துட்டு எடுங்க."

கேப்டன் சாந்திநாதனைப் பார்த்தார். அவள் என்ன சொல்கிறாள் என்று சாந்திநாதனுக்கா தெரியாது? வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்; வேலைக்காரி பேச்சை யார் மதிக்கப் போகிறார்கள்? அவருக்கு அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"ஓட்டட்டும்" என்றார்.

மேட்டின் உச்சியில் கேப்டன் அவள் பக்கத்தில் நின்றார். கீழே பெரியதம்பி கயிறுகளை விட்டான். வாளிச் சத்தம் கேட்டதும் துரை அம்பாகப் புறப்பட்டது. சிங்காரி பின்னால் வந்தது. பாதி மேடு வரை துரைதான். அப்புறம்தான் அந்தச் சத்தம், புல்லாங்குழல் விரிசல் விட்டதுபோல. நன்றாகவே கேட்டது. துரையின் தலை மேலே போயிற்று, கால் குறுகியது. அந்த நேரத்தில் கறுப்பி அதைத் தாண்டி வந்தாள். அவசரப்படாமல், காதைக்கூடத் திருப்பாமல், மேடே இல்லாத மாதிரி வந்தாள்.

கேப்டன் துரையின் தொண்டையில் காதை வைத்துக் கேட்டார். தலையை ஆட்டினார். பிறகு சிங்காரியின் விலாவில் கையை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் மூச்சு அடங்க எவ்வளவு நேரம் என்று எண்ணியவர், நம்பாமல் இன்னொரு முறை ஓட்டச் சொல்லி எண்ணினார்.

"முப்பது வருஷமாக் குதிரை வாங்கறேன்" என்றார். "விக்கறவங்க பக்கத்து ஆள் குறையச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நம்ம நாட்டுல குதிரை குறைச்சல் இல்லைம்மா. இப்படிச் சொல்ற ஆள்தான் குறைச்சல்." பவுனம்மாளுக்குக் கூச்சமாகிவிட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

துரை ஓடாது, கறுப்பியை எடுத்துக்கொள்கிறேன் என்றார் கேப்டன். மண்டிக்குத் திரும்பியதும் காகிதக் கட்டைப் பிரித்தார். "தாய் ரோசி. உரிமையாளர் சாந்திநாதன். அப்போ வளர்த்தவர் நீங்கதான். செஞ்சி ஊர்ப் பேரு புத்தகத்துல ஏறப்போகுது. வாழ்த்துக்கள்" என்று கையை நீட்டினார்.

பத்து வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. துரை போனால் என்ன, வரி கிடைத்துவிட்டது. சாந்திநாதன் அந்தக் கையைப் பற்றினார். பற்றியதும் நெஞ்சு நிறைந்துபோயிற்று. வாசலில் பவுனம்மாள் சிங்காரியின் கழுத்து வேர்வையை வைக்கோலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இந்தக் கட்டமும் தெரியாது, அச்சும் தெரியாது. கேட்கப்போகிறவர் ஒருவரும் இல்லை. காகிதம் அவர் பக்கம் இருந்தது.

அவர் கையை விடுவித்துக்கொண்டார்.

"காகிதம் தப்பு, கேப்டன். குட்டி பொறக்குறதுக்கு முன்னாடியே ரோசிய நான் அந்தம்மாவுக்குக் குடுத்துட்டேன். வாயால குடுத்தது. ஆனா குடுத்தது குடுத்ததுதான். வெலையும் அவங்ககிட்டதான் பேசணும்."

கேப்டன் அவரை மேலும் கீழும் பார்த்தார், கொட்டகையில் துரையைப் பார்த்த அதே பார்வை. "இதைத் திருத்த நீங்களே எழுதிக் குடுக்கணும். உங்க பேரு எங்கயும் வராது. பரவாயில்லையா?"

"பரவாயில்லைன்னு சொன்னா பொய்" என்றார் சாந்திநாதன். "பேனாவைக் குடுங்க."

அடுத்த வருஷம் தை மாதம் சென்னையிலிருந்து தபாலில் ஒரு பந்தயப் புத்தகம் வந்தது. சிங்காரி தன் இரண்டாவது ஓட்டத்திலேயே, வெளிநாட்டில் பிறந்த இரண்டு குதிரைகளைப் பின்னால் விட்டு ஜெயித்திருந்தாள். சாந்திநாதன் அதை எடுத்துக்கொண்டு, மண்டியைப் பாதியில் போட்டுவிட்டு, பவுனம்மாள் பேர் அச்சில் வந்துவிட்டது என்று சொல்லச் சைக்கிளில் சிங்கவரம் போனார். துரை இப்போது பெரியதம்பியின் ஜட்காவில் கட்டுண்டு நின்றிருந்தது. மேடில்லாத ரோட்டில் அதைப்போல ஓட இந்தத் தாலுகாவிலேயே குதிரை இல்லை என்று பெரியதம்பிக்குப் பெருமை.

"எங்க இருக்குது எம்பேரு?" என்றாள் பவுனம்மாள்.

அவர் விரலை வைத்துக் காட்டினார். இங்கிலீஷ் எழுத்து. மேலே ஒரு மகாராஜா, கீழே ஒரு மகாராஜா, நடுவில் பவுனம்மாள், செஞ்சி. அவள் புல் கறை படிந்த விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தொட்டாள். ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை.

"உங்க பேரு எங்க நயினாரே?"

"இல்லை."

"வயித்தெரிச்சலா இருக்குதா?"

பொய் சொல்வதில்லை என்பதும் அவர் எடுத்த விரதத்தில் ஒன்று.

"இருக்குது" என்றார் சாந்திநாதன். பிறகு புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிட்டு, வீட்டில் சாப்பாடு ஆறுவதற்குள், பொழுது சாய்வதற்குள் போய்ச் சேரவேண்டும் என்று சைக்கிளை மேட்டுப் பாதையில் மிதித்தார்.