தொண்ணூற்றிரண்டின் மூன்றாவது பெயர்

கேஷவ் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். குழாயில் தண்ணீர் ஏழு மணி வரைதான் வரும். இரண்டு வாளி பிடித்து வைத்தான். கதவில் தொங்கிய பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சினான். காபி குடித்தான். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குளித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். இன்று ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் கிடையாது என்பது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது. போட்ட இஸ்திரியை வீணாக்குவானேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டான்.

எட்டரைக்குப் போன் வந்தது. தாராவிப் படிப்பகத்தின் செயலாளர் சுடலைக்கண்ணன்.

"கேஷவ் சார், பேனர்காரன் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஃபைல் வாங்க மாட்டானாம். எலெக்சன் நெருங்கிடுச்சு, அவனுக்கு மூச்சு விட நேரமில்ல. அந்தத் தொண்ணூத்திரெண்டு என்னாச்சு?"

"இன்னும் காலியாத்தான் இருக்கு."

"நம்பர் கெடைக்கலன்னா சொர்ணம்மா பேர எடுத்துருவோம். பேரு மட்டும் நின்னு, பக்கத்துல ஓட்டு இல்லன்னா பாக்கிறவன் சிரிப்பான். ஜெயிச்சவன், ரெண்டாவது வந்தவன், போதும்."

"ஆறு மணிக்குள்ள தரேன்" என்றான் கேஷவ்.

அது அவன் மனைவி மானசாவின் பட்டியல். சயானில் ஒரு கல்லூரியில் அரசியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். எட்டு மாதங்களுக்கு முன்பு, மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். தாராவியின் ஒரு மூலையில் எண்பத்தைந்து முதல் நடந்த ஏழு மாநகராட்சித் தேர்தல்களை அவள் தேடித் தொகுத்திருந்தாள். வார்டு எண் தேர்தலுக்குத் தேர்தல் மாறும்; எல்லைக்கோடும் நகரும். அதனால் எண்ணை நம்பாமல், ஓட்டுச்சாவடி இருந்த பள்ளிக்கூடத்தைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனாள். நின்றவர்கள் எல்லோருடைய பெயரும் வேண்டும் என்பது அவள் பிடிவாதம். கைவண்டியில் நின்றபடி ஓட்டுக் கேட்ட தையற்காரர், பத்தொன்பது ஓட்டில் தோற்று மறுநாளே கடை திறந்த பால்காரர், எல்லோரும் அதில் இருந்தார்கள். ஒன்பது வருடம் கழித்து இப்போது மறுபடி தேர்தல் வந்திருந்தது. அதற்கு முன் பட்டியலைப் படிப்பகத்தின் சுவரில் பெரிதாக மாட்டுவது என்று ஏற்பாடு.

ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. பெண்களுக்கென்று முதன்முதலாக வார்டுகள் ஒதுக்கப்பட்ட தொண்ணூற்றிரண்டில் மூன்றாவதாக வந்த சுயேச்சை, சொர்ணம்மாள், சின்னம் கத்தரிக்கோல். பத்திரிகைகள் முதல் இரண்டு பேரோடு நிறுத்திக்கொண்டிருந்தன. மானசா அங்கே பென்சிலால் 611 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

கேஷவ் செம்பூரிலிருந்து சயானுக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து நடந்தான்.

சொர்ணம்மாளின் கார்கானா, தோல்பை தைக்கும் சின்னப் பட்டறை, முதல் மாடியில் இருந்தது. இரும்பு ஏணியில் தலை தெரிந்ததுமே அவள் தையல் மெஷினை நிறுத்தினாள்.

"வாங்க தம்பி. இளைச்சிப் போயிட்டியள. சாப்பிடுதியளா இல்லியா?"

"சாப்பிடறேன் அத்தை." மானசா இவளை அத்தை என்றும் இவள் கணவரை மாமா என்றும்தான் கூப்பிடுவாள். அவனும் அதையே பிடித்துக்கொண்டான்.

மூலையில் பக்கிள்களைப் பிரித்துக்கொண்டிருந்த அவள் கணவர் கணேசபாண்டியன் எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தார். கேஷவ் பட்டியலை வெளியே எடுக்கவில்லை. தண்ணீர் குடித்தான். மழையைப் பற்றிக் கேட்டான். ஜனவரியில் மழையைப் பற்றி என்ன கேட்பது என்று அவனுக்கே தோன்றியது. ஆனால் பெரியவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"படிப்பகத்துக் கண்ணன் சொன்னான். அறுநூத்திப் பதினொண்ணு. எழுதிக்கிடுங்க தம்பி. எண்ணுத டேபிள்ல ஏஜெண்டா உக்காந்திருந்தவன் நான். என் கண்ணால பாத்தேன்."

"பெரிய கண்ணு" என்றாள் சொர்ணம்மாள். "நேத்து கருப்புத் தோலுக்குப் பழுப்பு நூலக் கோத்த கண்ணு."

"ஏட்டி, அது வேற, இது வேற."

"சரி, வேறதான். தம்பிக்கு வடாபாவ் வாங்கிட்டு வாங்க. சிக்னல் பக்கத்துக் கடையில. இந்தக் கீழ இருக்கவன்ட்ட வேண்டாம்."

"அவ்வளவு தூரமா?"

"காலு இருக்குல்லா?"

அவர் இறங்கும் சத்தம் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"முந்நூத்தி நாலு."

கேஷவ் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆபீசரு மைக்குல வாசிச்சாருல்லா. நான் வெளிய பந்தல்ல நின்னு கேட்டேன். இவுக அழுது செவந்த கண்ணோட வந்து, சொர்ணம், அறுநூத்திப் பதினொண்ணுன்னாக. நானும் அப்படியான்னு கேட்டுக்கிட்டேன். முப்பத்திமூணு வருசமாக் கேட்டுக்கிட்டே இருக்கேன்."

"அவருக்கு எப்படி அந்த நம்பர்?"

"அதுவும் சும்மா சொன்னதில்ல தம்பி. நமக்குப் போட்டவுகள்ல பாதிப்பேரு இந்தத் தெருக் கார்கானா ஆளுக. தெனமும் வேலைக்கு வந்ததுக்கு ஹாஜிரி நோட்டுல பேருக்கு நேரா கட்டவெரல உருட்டிப் பழக்கம். இவுக ரெண்டு ஞாயித்துக்கெழம கூட்டம் போட்டு, மாதிரிச் சீட்டுல கத்தரிக்கோலக் காட்டி, ஹாஜிரி மாதிரி இதுக்கு நேரா வைக்கணும்னு சொல்லிக்குடுத்தாக. அங்க ரப்பர் முத்திரை குடுப்பாங்க, அதத்தான் குத்தணும்னு சொல்ல மறந்துட்டாக. முத்திரைக்கு வச்சிருந்த மைப்பெட்டியப் பாத்ததும், அதுக்குத்தான் மைன்னு நெனச்சு அத்தன பேரும் கட்டவெரல வச்சுட்டாங்க. முந்நூத்தி ஏழு சீட்டு. செல்லாதுன்னு இவுக கண்ணு முன்னாலயே தனியாக் கட்டி வச்சுட்டாங்க."

கேஷவ் மனதுக்குள் கூட்டினான். சரியாக வந்தது.

"அதுவும் நமக்குப் போட்டதுதானேன்னு சேத்துட்டாக. தப்பு தன் தலையிலன்னு தெரியும். அன்னையில இருந்து எந்த எலெக்சனுக்கும் யாருக்கும் ஒரு வார்த்த சொல்லிக்குடுக்க மாட்டாக. நான் முந்நூத்தி நாலுன்னு சொன்னா அந்த மொகம் என்னாகும்?"

"அப்போ பேனர்ல என்ன போடறது அத்தை? 611 போட்டா பொய். 304 போட்டா அவர் படிப்பார்."

அவள் மெஷின் சக்கரத்தை வெறுமனே ஒரு சுற்றுச் சுற்றினாள். கீழே யாரோ யாரையோ இந்தியில் திட்டினார்கள்.

கேஷவ் பட்டியலை எடுத்து மடியில் விரித்தான். 611ஐ அழித்தான். செல்லுபடியானவை 304 என்று எழுதி, அதை ஒட்டியே அதே அளவு எழுத்தில் கட்டைவிரல் வைத்தவை 307 என்று எழுதினான். அவளுக்குத் தமிழ் படிக்க வரும். இரண்டு தடவை படித்தாள்.

"கூட்டிப் போடல நீங்க."

"இல்ல. வேணுங்கறவா கூட்டிக்கட்டும்."

"அவுக கூட்டிக்கிடுவாக" என்றாள். சிரிப்பு வந்தது, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எல்லா வருசத்துக்கும் இப்படி ரெண்டு போடணும் தம்பி. நமக்கு மட்டும் போட்டா எடுத்துக் காட்டும்."

மற்ற வருடங்களின் செல்லாத ஓட்டுகள் மானசாவின் குறிப்புகளில் இருந்தன. ஓட்டு மெஷின் வந்த பிறகு அந்தத் தொல்லையே இல்லை. மாலைக்குள் முடித்துவிடலாம். எட்டு மாதங்களில் முதல் தடவையாக ஒரு வேலையை அவன் கைகள் அவசரமாகச் செய்ய விரும்பின.

"அந்தப் பிள்ள ரெண்டு தடவ வந்துச்சு" என்றாள் சொர்ணம்மாள். "ரெண்டு தடவயும் இவுக பக்கத்துலயே உக்காந்திருந்தாக. வாயத் தொறக்கும், இவுக மொகத்தப் பாக்கும், மூடிக்கிடும். போயிட்டு வாரேன் அத்தைன்னு போயிரும். கடைசியா உங்ககிட்ட ஏதாச்சும் சொல்லிச்சா தம்பி?"

இந்தக் கேள்வியைப் பலர் கேட்டிருந்தார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்று மாமியார் விசாலாக்ஷியிடம் சொல்லியிருந்தான். அவர் அதைப் பிடித்துக்கொண்டு நடமாடினார். ஆபீஸில், பேசவில்லை என்றான். உண்மையில் ஆஸ்பத்திரி லிஃப்ட் வாசலில் மானசா ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கீழே இழுத்து அவனைப் பக்கத்தில் கூப்பிட்டாள். அவன் குனிந்தான். காய்ச்சலில் எதையோ பேசுகிறாள் என்றுதான் அப்போது நினைத்தான்.

ஏணியில் கணேசபாண்டியனின் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் மேலே வந்து சேருவதற்குள் கேஷவ் அதை அப்படியே, அவள் குரலிலேயே சொன்னான்.

"தொண்ணூத்திரெண்டை மட்டும் மாமா எதிர்ல கேட்டுடாதே, கேஷவ். பாவம், அவர் மொகம் வாடிப்போயிடும்."