பேஸ் இல்லாத இசைத்தட்டு

லமார் டீக் தன் எழுபத்தொன்றாவது வயதில் போட்ட ஆல்பத்தில் என் பேஸ் வாத்தியம் இல்லை. வேறு யாருடைய பேஸும் இல்லை, டிரம்மும் இல்லை. ஒரு கிதார், ஒரு குரல், அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டு டென்னசியில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

எங்கள் ராக்கபில்லி என்கிற துள்ளல் பாட்டில் அந்தக் காலத்தில் டிரம் கிடையாது. ஆளுயர பேஸின் கம்பியை இழுத்துவிட்டுப் பலகையில் படார் படாரென்று நான் அறைவதுதான் டிரம். முப்பத்தெட்டு வருடம் லமார் பாடினான், நான் அறைந்தேன். பிறகு என் விரல்களில் வாதம் வந்தது. ஒருநாள் காரிந்த் ஊரில் மேடை ஏறினால், எனக்குப் பின்னால் எவனோ டிரம்மோடு உட்கார்ந்திருக்கிறான்.

"உன் சத்தம் முன்வரிசைக்கே கேக்க மாட்டேங்குதுடா ஆர்லிஸ்," என்றான் லமார்.

"அப்ப அவனையே கட்டிக்கிட்டு அழு," என்று சொல்லிவிட்டு பேஸை வண்டியில் ஏற்றினேன். அவன் சொன்னது உண்மைதான். அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது. அதற்கப்புறம் பதினோரு வருடம் நாங்கள் பேசவில்லை.

ஆல்பம் வந்த அக்டோபரிலேயே தபாலில் எனக்கு ஒரு இசைத்தட்டு அனுப்பியிருந்தான். கடிதம், கையெழுத்து எதுவும் இல்லை. தட்டின் உறையைப் பிரிக்காமல் அலமாரிக்குப் பின்னால் சொருகினேன். வீட்டில் ரேடியோவையும் போட விடவில்லை. கெளுத்தி மீன் வறுவல் தின்னக் கடைக்குப் போனால் அங்கேயும் அதே பேச்சு.

"வண்டியை ஓரங்கட்டிட்டு அழுதேன்யா," என்றான் டிராக்டர் மெக்கானிக் பர்ல். "பொண்டாட்டி போனப்பகூட நான் அழல."

"நீ அழல. அவ சிரிச்சுக்கிட்டே போனா," என்றேன்.

"போய்யா. ஒவ்வொரு வரி முடிஞ்சதும் கிதாரைக்கூடக் கையால அமுக்கிட்டு அப்படியே நிக்கறான் பாரு, அந்த அமைதிதான் ஆளைக் கொல்லுது."

நான் இல்லாததைத்தான் ஊரே கொண்டாடுகிறது என்று எனக்குப் பட்டது. பாதி மீனை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

பிப்ரவரியில் என் மனைவி வைனெல் சொன்னாள்: "ஏ கிழவா, லமாருக்கு நுரையீரல்ல என்னமோவாம். ரொம்ப நாள் தாங்காதாம். போய்ப் பாத்துட்டு வா."

"அவன் கூப்பிடட்டும். போறேன்."

"அவனுக்கும் கொழுப்பு, உனக்கும் கொழுப்பு. ரெண்டு பேரையும் சட்டியில போட்டா ஒரு மாசத்துக்கு எண்ணெய் வாங்க வேணாம்."

நான் போகவில்லை. மார்ச் ஒன்பதாம் தேதி லமார் செத்துப்போனான்.

அடக்கம் முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். நான் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. வைனெல் நேராகப் போய் அந்த இசைத்தட்டை உருவி, உறையைக் கிழித்து, ஓடவிட்டாள். "செத்தவன்கிட்ட என்னய்யா வீம்பு? கேளு," என்றாள்.

முதல் வரியைப் பாடிவிட்டு லமார் நிறுத்தினான். என் கால் தானாகத் தாளம் போட்டது. எட்டு தடவை அறைகிற நேரம் கழித்து அடுத்த வரியை எடுத்தான். மறுபடியும் எட்டு. அடுத்த பாட்டிலும் எட்டு. பர்ல் சொன்ன அமைதி இதுதான்.

எங்கள் கூட்டத்தில் யாரும் யாரையும் "வந்து வாசி" என்று வாயால் கேட்பதில்லை. பாட்டில் இடம் விடுவோம், வேண்டியவன் உள்ளே வருவான். பன்னிரண்டு பாட்டிலும் லமார் எனக்கு இடம் விட்டிருந்தான். அக்டோபரிலேயே என்னைக் கூப்பிட்டுவிட்டான். கூப்பிட்டால் போவேன் என்று பிப்ரவரியில் நான் பெருமை பேசிக்கொண்டிருந்தேன். இப்படியும் ஒரு முட்டாள் உண்டா?

கொட்டகையிலிருந்து பேஸைத் தூக்கி வந்தேன். தூசியோடு நிமிர்த்தி வைத்து, மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னேன். விரல் மடங்கவில்லை, உள்ளங்கையாலேயே அறைந்தேன். ஓர் அறைகூடப் பிசகாமல் உட்கார்ந்தது. வைனெல் சமையலுக்குக் கட்டுகிற துணியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.

கடைசிப் பாட்டு முடிந்தது. கிதாரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு லமார், பாடாமல், பேசுகிற குரலில் கேட்டான்:

"சரியா வந்துச்சாடா?"

ஊசி சும்மா உரசிக்கொண்டிருந்தது.

"வந்துச்சுடா லமாரு," என்றேன். "நல்லா வந்துச்சு."