கட்டிலடிப் பச்சை

ஓய்பெக் தொலைபேசியில் வந்தால் முதல் கேள்வி, "புல் எப்படிம்மா இருக்கு?" என்பதுதான். அம்மா எப்படி இருக்கிறாள் என்பது இரண்டாவதாக வரும். சில நாள் வராமலே போகும்.

அவன் அம்மா முனவ்வருக்கு அதில் வருத்தமில்லை. கொரியாவில் தொழிற்சாலை வேலை. தூக்கத்தில் கொஞ்சம் கிள்ளி எடுத்துத்தான் அம்மாவிடம் பேசுகிறான். புல்லைப் பற்றியாவது பேசுகிறானே. வசந்தத்தில் சொந்த ஊரான மர்கிலானுக்கு வந்தவன், வீட்டு முற்றத்துத் தக்காளிப் பாத்தியை அழித்துவிட்டு, பாய்போலச் சுருட்டி வண்டியில் வந்த புல்லை விரித்துவிட்டுப் போனான்.

"குளிர் வர்றதுக்குள்ள வந்துடறேன்மா. என் கல்யாண விருந்து இதுமேலதான்" என்றான்.

புல் பிழைத்தால் மகன் வருவான். அன்றிலிருந்து முனவ்வருக்குள் இப்படியொரு கணக்கு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

கோடை உச்சத்தின் நாற்பது நாளான சில்லா பிறந்தது. நாய்கள்கூட வாய்க்காலுக்குள் இறங்கிப் படுத்துக்கொள்ளும் வெயில். தெரு வாய்க்காலில் அவள் வீட்டு முறை நட்டநடு மத்தியானத்தில் வந்தது. முறைத்தண்ணீரை வேண்டாமென்று விடுகிறவர்கள் அந்த ஊரில் உண்டா? மடையைத் திறந்தாள். தக்காளிக்குப் பாய்ச்சுகிற மாதிரியே முற்றம் நிறையத் தேக்கினாள். 'விடியற்காலையில லேசா தெளிச்சா போதும்' என்று மகன் சொன்னது ஞாபகம் வந்தது. தெளிப்பதற்கு இது என்ன இஸ்திரித் துணியா என்று நினைத்துக்கொண்டாள்.

தேங்கிய நீர் வெயிலில் கொதித்தது. மறுநாள் புல் வெந்த கீரையாகக் கிடந்தது. அந்த வாரமே வைக்கோலாகிவிட்டது.

பக்கத்து வீட்டு சனோபர் சூடான ரொட்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, புல்ல அவிச்சுட்டியா? உப்புப் போட்டியா இல்லையா?"

"வாய மூடிக்கிட்டு உக்காரு. டீ குடி."

"பேசாம ஒரு செம்மறி வாங்கிக் கட்டு. காஞ்சதையும் தின்னும், உனக்குப் பேச்சுத்துணையும் ஆச்சு." சிரித்தபடி முற்றத்து மரக்கட்டிலில் உட்காரப்போனவள் குனிந்தாள். "அட, இதுக்கு அடியில மட்டும் பச்சையா இருக்கே."

முனவ்வரும் மண்டியிட்டுப் பார்த்தாள். இரவில் அவள் படுக்கிற கட்டிலின் நிழலில், கட்டில் அளவுக்கு ஒரு பச்சை. காய்ந்த இடத்தில் விரலால் தோண்டினாள். வேரில் இன்னும் வெள்ளை தெரிந்தது.

உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். மணமகள் அறைக்கென்று சேர்த்து வைத்திருந்த பட்டுத் திரைச்சீலைகள் அதில் இருந்தன.

"ஐயோ, அது மருமகளுக்குன்னு வெச்சதில்லையாக்கா?"

"மருமகளே இந்தப் புல்லுமேல நடந்துதானேடி வரணும்."

திராட்சைப் பந்தலிலிருந்து மதில்வரைக்கும் கயிறு கட்டித் திரைகளை விரித்தார்கள். அதன்பிறகு விடிவதற்கு முன்பே எழுந்து, குடத்திலிருந்து கையால் அள்ளித் தெளித்தாள். பட்டு வெளுத்துக்கொண்டே வந்தது. புல் அசைந்து கொடுக்கவில்லை. மகன் வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் கட்டிலோரம் உட்கார்ந்து தொலைபேசியைக் கட்டிலடிப் பக்கம் தாழ்த்திப் பிடிப்பாள். பச்சை மட்டும் தெரியும்.

"அருமையா இருக்கும்மா" என்பான். அன்றைய பொழுதுக்கு அவளுக்கு அது போதும்.

ஒரு நாள் சொன்னான்: "அம்மா, வேலைய இன்னும் ரெண்டு வருஷம் நீட்டிட்டேன். இப்ப வர முடியாது. கல்யாணத்த அப்புறம் பாத்துக்கலாம். புல்ல நீ இவ்வளவு நல்லா வெச்சிருக்க, அதனால வீட்டப் பத்தி எனக்குக் கவலையே இல்ல."

முனவ்வர் தொலைபேசியை உயர்த்தி, முற்றத்தை மெதுவாகச் சுற்றிக் காட்டினாள். மஞ்சள் தரை. மேலே சாயம்போன திரைகள்.

"என்னம்மா இது?"

"நான்தான் அவிச்சுட்டேன். மத்தியானத்துல தண்ணிய விட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"புல்லு போச்சுன்னு சொன்னா, அப்புறம் நீ எதக் கேப்ப?"

அந்தப் பக்கம் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே யாரோ அவனை அழைத்தார்கள். "அப்புறம் பேசறேன்மா" என்றான்.

அன்று மாலை தெருவில் எல்லோரும் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். முனவ்வர் தனியாகவே கட்டிலைக் காய்ந்த புல்லுக்கு நிழலாக இழுத்துப் போட்டாள். மகன் வரப்போவதில்லை, இருந்தாலும் அந்த வெள்ளை வேரை அவளால் மறக்க முடியவில்லை.

சில நாள் கழித்துத்தான் அவன் கூப்பிட்டான்.

"சாப்பிட்டியாம்மா?"

முதல் கேள்வியே அதுதான். "சாப்பிட்டேன். நீ?"

"நானும் சாப்பிட்டேன்."

இருவரும் தொலைபேசித் திரையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் எங்கே தொடர்பைத் துண்டித்துவிடுவானோ என்று முனவ்வருக்குப் பயமாக இருந்தது.

"புல்லப் பத்திக் கேக்கவே இல்லையே நீ?" என்றாள் அவசரமாக. "கொஞ்சம் இரு, காட்டறேன். கட்டிலுக்கு அடியில, காஞ்ச இடத்துல ஒரு முளை வந்திருக்கு."