லுசுங்கு உணராத நெருப்பு

சிசேரியனுக்காக லுசுங்குவின் முதுகில் மரத்துப்போகும் ஊசியைப் போட்டது நான்தான். இடுப்புக்குக் கீழே அவளுக்கு எதுவும் தெரியாது. ஆனால் விழித்திருந்தாள், ஓயாமல் பேசினாள். அவள் புருஷன் மலாவி ஏரியில் வலை வீசுகிறவன்.

"உள்ள மீனாட்டம் துள்ளிக்கிட்டிருந்தான். இப்ப ஒண்ணுமே தெரியல. தூங்கிட்டானா, அண்ணே?"

"வெளிய வந்ததும் அவனையே கேளு."

"வயித்துல தடவின ஸ்பிரிட் காயட்டும், டாக்டர். அப்புறம் துணி போத்தலாம்" என்றாள் நர்ஸ் தவோங்கா.

"நீ சொல்லாம நான் மூச்சுகூட விட மாட்டேன், சிஸ்டர்" என்று டாக்டர் கும்வெண்டா காத்திருந்தார்.

தோல் காய்ந்தது. இடுப்புக்கடியில் ஒரு துணி மடிப்பு மட்டும் ஸ்பிரிட்டைக் குடித்து ஈரமாகவே கிடந்தது. அதை யாரும் பார்க்கவில்லை.

வயிற்றைத் திறக்கும்போது கசிந்த ரத்தக்குழாய் ஒன்றை டாக்டர் மின்கருவியால் சுட்டார். சின்னப் பொறி. பெரிய விளக்கின் வெளிச்சத்தில் எல்லாம் முன்போலவே இருந்தது. புகை இல்லை, சுடர் இல்லை. ஆனால் யாரும் தொடாத பச்சைத் துணியின் ஓரம் தானாகப் பழுப்பேறிச் சுருங்குவதைத் தவோங்கா பார்த்துவிட்டாள்.

"ஆக்சிஜன மூடுங்க. டாக்டர், கைய எடுங்க."

குரல் உயரவில்லை. கிண்ணத்து உப்புநீரை அப்படியே கொட்டினாள், துணியை வாரி எறிந்தாள், ஈரத் துண்டை வைத்துத் தன் கையால் அமுக்கினாள். அவளுடைய கையுறை உருகியபோதுதான் அங்கே கண்ணுக்குத் தெரியாத ஸ்பிரிட் நெருப்பு இருந்தது எனக்கு உறைத்தது.

ஆக்சிஜனை மூடிய கையோடு லுசுங்குவின் முகத்தைப் பார்த்தேன். வலியை எடுத்துவிடுகிறேன் என்று பெருமைப்படுகிறவன் நான். வலியோடு சேர்த்து அவளுடைய காவலையும் எடுத்திருந்தேன். அந்தக் காவல் முழுவதும் தவோங்காவின் கண்களில் இருந்தது.

"என்ன அண்ணே, கழுத்துல தண்ணி தெறிக்குது?"

"சிஸ்டர் தெளிச்சாங்கம்மா. அப்புறம் சொல்றேன்."

தவோங்கா கையைக் குழாயடியில் பிடிக்கப் போனாள். வேறு நர்ஸ் வந்தாள், புதுத் துணி வந்தது. கொஞ்ச நேரத்தில் பையன் வீறிட்டான்.

மறுநாள் டாக்டரும் தவோங்காவும் நானும் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். லுசுங்கு தன் தொடையில் இருந்த சிறிய சிவந்த தீக்காயத்தைப் பார்த்தாள். பிறகு தவோங்காவின் கட்டுப்போட்ட கையை.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"எனக்கு வலிச்சிருக்க வேண்டியது" என்று சொல்லிக் குழந்தையைத் தவோங்காவின் மடியில் வைத்தாள்.

தவோங்காவின் உடம்பு அப்போதுதான் நடுங்கத் தொடங்கியது.